மேல்வீடு, கீழ்வீடு: ஒரு நீர்க்கசிவின் வரலாறு

மெல்பர்ன் நகரத்தில் ஒரு பல மாடிக் கட்டடம். மேல்மாடியில் கழிவறை. யாரோ ஒருவர் அங்கிருந்த கைகழுவும் தொட்டியின் ஓட்டையில் சோப்பு, ஆணி, பேனாக்கட்டை, நூல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் திணித்து அடைத்தார். பிறகு குழாயை முழுசாகத் திறந்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் மாடியில் தொழில் நடத்தியவரின் சரக்கெல்லாம் நனைந்துபோனது. செய்தது யார் என்று தெரியவில்லை. நனைந்தவர், கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர்மேல் வழக்குப் போட்டார். வழக்கு ஆஸ்திரேலியாவில் மேலே மேலே ஏறி, கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போய் 1913-இல் முடிந்தது. கீழ்மாடிக்காரர் தோற்றார்.

ரிக்கர்ட்ஸ் எதிர் லோதியன் என்ற இந்த வழக்கைச் சட்டம் படித்த நண்பன் ஒருவன் எனக்குச் சொன்னான். நான் சிவில் இன்ஜினியரிங் படித்தவன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் சிலாப் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். அதே சிலாப் ஒழுகினால் யார் காசு கொடுப்பது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. கிள்ளானில் வேலைக்குச் சேர்ந்து சில வருடம் ஆன பிறகுதான் இரண்டாவது கேள்விதான் பெரிசு என்று புரிந்தது.

அந்தத் தீர்ப்பு ஏன் முக்கியம்? 1868-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை ஒரு விதியை உறுதிசெய்திருந்தது. ஒருவர் தன் நிலத்தில் நீர்த்தேக்கம் கட்டுகிறார், தண்ணீர் உடைத்துக்கொண்டு பக்கத்துக்காரரின் சுரங்கத்துக்குள் போகிறது. அவர் கவனமாக இருந்தாரா இல்லையா என்ற பேச்சே வேண்டாம், ஆபத்தானதைக் கொண்டுவந்து தேக்கி வைத்தவர்தான் நட்டத்தைக் கட்டவேண்டும். மெல்பர்ன்காரர் இந்த விதியைத்தான் நம்பினார். பிரிவி கவுன்சில் வேறு மாதிரி சொன்னது. முதலில், இது முகம் தெரியாத ஒருவரின் விஷமம். அதோடு, வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் இருப்பது சாதாரண வாழ்க்கை, அதை நீர்த்தேக்கத்தோடு சேர்க்க முடியாது. ஆகவே நனைந்தவர்தான் மேலே இருந்தவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். ஆனால் நிரூபிக்க வேண்டிய இடம் மேலே, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

நம் நாட்டின் 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தை இங்கே கொண்டுவந்தது. அந்த மூட்டையில் இந்தச் சிக்கலும் இருந்தது. அப்போது அது யாருக்கும் உறைத்திருக்காது. மலாயாத் தமிழர்களில் பெரும்பான்மையோருக்குத் தலைக்குமேலே ஓடோ தகரமோதான் இருந்தது, இன்னொருவரின் குளியலறை இல்லை.

லயத்தைப் பற்றி ஏக்கமாக எழுதுவது நம்மிடம் ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த ஏக்கம் கிடையாது, நான் லயத்தில் பிறக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே குடியிருப்பு முதலாளியின் பொறுப்பாக இருந்தது. கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்லவேண்டும், கிராணி துரையிடம் சொல்லவேண்டும். அவர்கள் செய்தார்களா என்பது வேறு கதை. பல தோட்டங்களில் செய்யவில்லை, சட்டி வைத்துத் தண்ணீர் பிடித்த கதைகளை என் பாட்டியே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் கோபத்துக்கு ஒரு திசை இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களுக்காக வெள்ளையர் காலத்தில் கட்டிய நூறு குவார்ட்டர்ஸிலும் அப்படித்தான். ஓடு உடைந்தால் அலுவலகத்துக்கு மனு. பக்கத்து வீட்டுக்காரர் எதிரி இல்லை, மனுவில் இரண்டாவது கையெழுத்து அவருடையதாக இருக்கும்.

மாடி வீடுகள் வந்தபோதும் முதலில் இந்த உறவு மாறவில்லை. கோலாலம்பூரில் பத்து ரோடு ஓரத்தில், இன்று சோகோ பேரங்காடி நிற்கும் இடத்தில், சுதந்திரத்தை ஒட்டிக் கட்டப்பட்ட சுலைமான் கோர்ட் அடுக்குமாடிகள் இருந்தன. 1960களில் பெக்கெலிலிங் சாலையில் துங்கு அப்துல் ரஹ்மான் பிளாட் எழுந்தது. 17 மாடி. டென்மார்க் முறைப்படி சுவரையும் தளத்தையும் தொழிற்சாலையில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து பொருத்தினார்கள். நாங்கள் படிக்கும்போது மலேசியாவின் முதல் ஐபிஎஸ் கட்டுமானம் என்று இதைப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு சின்ன விஷயத்தைப் பெருமை இல்லாமல் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த அந்த ஆரம்ப கால முறைகளுக்கு இணைப்புகளில் ஒழுகும் என்ற கெட்ட பெயர் வந்துவிட்டது. ஐரோப்பியக் குளியலறை காய்ந்த அறை, தொட்டிக்குள் மட்டும்தான் தண்ணீர். நம் குளியலறை அப்படியா? வாளியில் மொண்டு ஊற்றிக் குளிப்போம், அங்கேயே துணி துவைப்போம், தரையைத் தேய்த்துக் கழுவிவிடுவோம். நம் பழக்கத்துக்கு அந்தத் தளத்தில் இடம் இல்லை.

அங்கே இருந்தவர்கள் வாடகைக்காரர்கள். ஒழுகினால் மாநகர் மன்றத்தைத் திட்டலாம்.

எல்லாவற்றையும் மாற்றியது, மாடியில் இருக்கும் ஒரு துண்டு வெளியைத் தனியாகச் சொந்தமாக்கலாம் என்ற யோசனை. மறுபடியும் ஆஸ்திரேலியாதான். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1961-இல் இதற்குத் தனிச் சட்டம் போட்டது. ‘ஸ்ட்ராட்டா’ என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். நம் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தில் சில பிரிவுகளாக அது நுழைந்து, 1985-இல் ஸ்ட்ராட்டா பட்டாச் சட்டமாகத் தனியே வளர்ந்தது. நிலம் இல்லாதவருக்குக் காற்றில் பட்டா. தோட்டத்தைவிட்டு வந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ‘சொந்த வீடு’ என்று சொல்லும்போது என் அப்பாவின் குரல் இன்றும் கொஞ்சம் மாறும்.

பட்டாவோடு வேறு ஒன்றும் வந்தது. சொந்தக்காரன் என்றால் பழுதும் சொந்தம். அந்தப் பட்டாவே பல இடங்களில் பல வருடம் வரவில்லை. மூலப்பட்டா மேம்பாட்டாளர் கையில், குடியிருப்பவர் கையில் வெறும் ஒப்பந்தம். பட்டா வந்தால்தான் குடியிருப்பாளர்களின் நிர்வாக அமைப்பு உருவாகும். அதுவரை பராமரிப்புக் காசை வாங்கியவரும், வேலை செய்யாமல் இருந்தவரும் ஒருவரே. 2007-இல் வந்த சட்டம் 663 ஜேஎம்பி என்ற கூட்டு நிர்வாக அமைப்பை உருவாக்கி, பட்டாவுக்குக் காத்திருக்காமல் குடியிருப்பாளர்களை உள்ளே கொண்டுவந்தது. ‘சிஓபி’ என்று நாம் சொல்லும் கட்டட ஆணையர் பதவியும் அப்போது வந்ததுதான். 1985-க்கும் 2007-க்கும் நடுவே 22 வருடம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மலிவு விலை அடுக்குமாடிகள் வேகமாக எழுந்த காலமும் இதுதான்.

கட்டியவர் எவ்வளவு நாள் பொறுப்பு? வீடு கைக்கு வந்தபின் குறைகளைச் சரிசெய்து கொடுக்கவேண்டிய காலம் 18 மாதமாக இருந்து, 2007-இல் 24 மாதமானது. 2002 டிசம்பர் 1-ஆம் தேதி வீடு வாங்குவோருக்கான நடுவர் மன்றம் தொடங்கியது. வழக்கறிஞர் தேவையில்லாமல் சாதாரண ஆள் மேம்பாட்டாளரை நேருக்கு நேர் நிறுத்த முடிந்தது. ஆரம்பத்தில் 25,000 வெள்ளி வரை, பிறகு 50,000. அந்தத் தேதிக்கு முன்னால் ஒப்பந்தம் போட்டவர்கள் வரக்கூடாது என்று மேம்பாட்டாளர்கள் வாதாடினார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004-இல் அதை ஏற்கவில்லை. அந்த அமர்வில் இருந்தவர் கோபால் ஸ்ரீராம். சாதாரண மக்களுக்காக உண்டாக்கிய மன்றத்தின் கதவை இலக்கணம் பேசி மூடக்கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் அந்தக் கதவு, குறை சரிசெய்யும் காலம் முடிந்து 12 மாதம்வரைதான் திறந்திருக்கும். இங்கே சட்டக் கடிகாரமும் கட்டடக் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. விரிசல் முதல் வருடமே தெரியலாம். குளியலறையின் நீர்த்தடுப்புப் படலம் அப்படி இல்லை. டைல்ஸுக்குக் கீழே, சிமெண்டுக்குக் கீழே யார் கண்ணுக்கும் படாமல் கிடக்கும். மோசமாகப் போட்டிருந்தாலும் சில வருடம் ஓட்டிவிடும். கவனக்குறைவு வழக்குகளுக்கான ஆறு வருடக் காலவரையறை 2019-இல் கொஞ்சம் தளர்ந்தது. குறை தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம், ஆனால் மொத்தம் 15 வருடத்தைத் தாண்டக்கூடாது. நல்லதுதான். ஆனால் கட்டிய நிறுவனம் அதுவரை உயிரோடு இருக்கவேண்டுமே.

ஹைலண்ட் டவர்ஸைத் தொடாமல் இதைப் பேச முடியாது. 1993 டிசம்பர் 11, உலு கிள்ளான். மூன்று கட்டடங்களில் ஒன்று சரிந்தது, 48 பேர் இறந்தார்கள். நீதிமன்றத்துக்குப் போன முக்கியமான வழக்கு நிற்கும் மற்ற இரண்டு கட்டடக்காரர்களுடையது. வீடு விழவில்லை, ஆனால் குடியிருக்க முடியாது. 2000-இல் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் பொறுப்பைப் பலருக்கும் பங்கிட்டபோது நகராண்மைக் கழகத்துக்கு 15 விழுக்காடு கொடுத்தார். 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2)ஆம் பிரிவைக் காட்டி, கழகத்தை முழுக்க விடுவித்தது. 48 உயிர் போன இடத்தையும் எங்கள் வீட்டுக் கூரையில் சொட்டும் தண்ணீரையும் ஒரே தராசில் வைக்கவில்லை. நான் பார்ப்பது யார் யார் மேடையைவிட்டு இறங்கினார்கள் என்பதை மட்டும்தான். முதலில் துரை போனார். பிறகு 24 மாதத்தில் மேம்பாட்டாளர். அந்தத் தீர்ப்போடு கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுத்த கழகமும் பெரும்பாலும் போய்விட்டது. மிச்சம் இருப்பது இரண்டே பேர், மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும்.

2015 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் (சட்டம் 757) இந்த இரண்டு பேருக்காகவே சில பக்கங்களை ஒதுக்கியது. அதன் 142ஆம் பிரிவு மெல்பர்ன் வழக்கைத் தலைகீழாகத் திருப்புகிறது. உங்கள் கூரையில் ஈரமோ கசிவோ தெரிந்தால், மாற்று ஆதாரம் இல்லாதவரை, குறை உங்கள் கூரைக்கு மேலே இருக்கும் வீட்டிலோ பொது இடத்திலோ இருக்கிறது என்றே அனுமானிக்கப்படும். சிங்கப்பூரின் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏறக்குறைய இதே சொற்கள் உண்டு. 1913-இல் கீழே இருப்பவர் தலையில் இருந்த சுமை, நூறு வருடம் கழித்து மாடி ஏறிவிட்டது.

இதன் விதிமுறைகளைப் படிக்கும்போது, எழுதியவர் யாரோ நிஜமாகவே ஒழுகும் வீட்டில் இருந்திருக்கிறார் என்று தோன்றியது. புகார் கொடுத்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்கவேண்டும். பார்த்து முடித்த ஐந்து நாளுக்குள் பாரம் 28 என்ற சான்றிதழில் காரணம் என்ன, யார் பொறுப்பு என்று எழுதித் தரவேண்டும். பொறுப்பானவர் ஏழு நாளுக்குள் சரிசெய்யும் வேலையில் இறங்கவேண்டும். குழாய்ச் சண்டைக்கும் ஒரு நல்ல பதில் இருக்கிறது. மேல்வீட்டின் கழிவுக்குழாய் கீழ்வீட்டின் கூரையில்தானே தொங்குகிறது, அது யாருடையது? ஒரே வீட்டுக்குப் பயன்படும் குழாய், எங்கே தொங்கினாலும் அந்த வீட்டுடையது. ஒன்றுக்கு மேற்பட்ட வீட்டுக்குப் பயன்பட்டால் பொது. இடம் முக்கியமில்லை, பயன்தான் முக்கியம். ஒரு இன்ஜினியராக எனக்கு இது ரொம்பப் பிடித்த விதி.

சரிசெய்யவில்லை என்றால் ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றம். 250,000 வெள்ளி வரை கேட்கலாம். வழக்கறிஞர் பொதுவாக வரமுடியாது. முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிந்தவரை தீர்ப்பு. மீறினால் குற்றம். இதற்கு முன்பு அண்டை வீட்டாருக்கு இருந்த மலிவான வழி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறைதான். 2012 விதிகளில் அதன் வரம்பு 5,000 வெள்ளி. அங்கேயும் வழக்கறிஞர் கிடையாது. ஆனால் மேல்வீட்டுக் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லும் பாரம் 28 அங்கே இல்லை. கீழே இருப்பவர் வெறும் போட்டோவோடு போய் நிற்கவேண்டும்.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். கிள்ளானில் ஐந்து மாடி பிளாட், லிப்ட் இல்லை, 1990களின் கடைசியில் கட்டியது. நாங்கள் இரண்டாம் மாடி. அம்மாவின் குளியலறைக் கூரையில் முதலில் மஞ்சள் கறை, பிறகு சொட்டு, பிறகு சிமெண்ட் பொரிந்து உள்ளே கம்பி துரு தெரிய ஆரம்பித்தது. மேலே இருப்பவர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுவோம். எங்கள் தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். தீபாவளிக்கு முறுக்கு வரும், போகும். நிர்வாக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். ஏழு நாள் ஏழு வாரமானது. அங்கே இருந்த பெண், பாரம் 28 என்றால் என்ன என்று என்னிடமே கேட்டார்.

கடைசியில் நானே அங்கிள் வீட்டுக்கு ஏறினேன். தரைத் துளையை அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, கேசரிக்குப் போடும் சிவப்புச் சாயத்தைக் கலந்து 24 மணி நேரம் விட்டோம். மறுநாள் எங்கள் குளியலறையில் சிவப்பாகச் சொட்டியது. சட்டப்படி கதை முடிந்தது. வேலைக்கு ஆள் கேட்ட விலை 3,800 வெள்ளி.

“தம்பி, நான் இந்த வீட்ட வாங்கினதுல இருந்து ஒரு ஆணிகூட அடிச்சதில்ல. நான் என்னப்பா தப்பு செஞ்சேன்?” என்றார் அங்கிள்.

டைல்ஸை உடைத்தபோது நானும் அங்கே நின்றேன். டைல்ஸ், அதற்கடியில் மணல் அதிகம் கலந்த சிமெண்ட், அதற்கடியில் நேராகக் கான்கிரீட். நீர்த்தடுப்புப் படலம் என்று எதுவுமே இல்லை. தேய்ந்துபோகவில்லை, போடவே இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் ஒரு வீட்டுக்குச் சில நூறு வெள்ளி மிச்சம் பிடித்திருக்கிறார். அந்த நிறுவனம் இப்போது இல்லை. மிச்சம் பிடித்த காசுக்கு வட்டியோடு அங்கிள் கட்டவேண்டும். 142ஆம் பிரிவு குறை எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகத்தான் சொல்கிறது. யாரால் வந்தது என்று அது கேட்பதில்லை, கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை. அதனால் நான் அந்தப் பிரிவுக்கு எதிரி இல்லை. அது இல்லாவிட்டால் கேசரிச் சாயத்தோடு மெல்பர்னுக்குத்தான் போயிருக்கவேண்டும். ஆனால் அதை நீதி என்று அழைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. விட்டுப்போனவர்களின் கடனை இருப்பவர்களில் யார் கட்டுவது என்பதற்கு ஒரு ஒழுங்கான முறை, அவ்வளவுதான்.

அம்மா பாதிக் காசு கொடுத்தார். “நம்ம வீட்டுக்கும் மேல்வீடு மாதிரிதானே, நமக்குக் கீழயும் ஒருத்தர் இருக்காரே” என்றார். உண்மைதான். எங்கள் குளியலறைத் தளத்திலும் படலம் இருக்க வழியில்லை. முதல் மாடியில் ஒரு மலாய்க்காரக் குடும்பம், இதுவரை எதுவும் சொல்லவில்லை.

இந்த முறை வேலை செய்ய ஒரு நிர்வாகம் வேண்டும், நிர்வாகத்துக்குக் காசு வேண்டும். மலிவு விலை பிளாட்டுகளில் பராமரிப்புக் கட்டணத்தைப் பாதிப்பேர் கட்டமாட்டார்கள். காசு இல்லாததால் வேலை நடக்காது, வேலை நடக்காததால் காசு வராது. ஜேஎம்பி கூட்டத்துக்கு ஆள் சேராது. கட்டட ஆணையர் ஒரு முகவரை நியமிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது, முகவருக்கும் சம்பளம் அதே காலிப் பெட்டியிலிருந்துதான் வரவேண்டும்.

டெங்கில் தாமான் பெர்மாத்தாவைப் பற்றி நம்மில் பலர் செய்தியாகப் படித்திருப்போம். புத்ராஜெயா உருவானபோது பெராங் பெசார் முதலான தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழ்க் குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்த மலிவு விலை அடுக்குமாடி. சுவர்களில் விரிசல், கட்டடத்தின் பாதுகாப்பைப் பற்றியே அச்சம். புதுத் தலைநகரின் கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து வண்டியில் போனால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் இடம் அது. அங்கே குறை ஒரு குளியலறையில் இல்லை, கட்டடம் முழுக்க இருந்தது. மேல்வீடா கீழ்வீடா என்று நிரப்புவதற்குப் பாரம் 28-இல் இருக்கும் இடம் அவர்களுக்குப் பயன்படாது. மேல் மாடிக்காரரும் கீழ் மாடிக்காரரும் ஒன்றாகப் பதாகை பிடித்து வருடக்கணக்காக நின்றார்கள். அவர்கள் கேட்டது பழுதுபார்க்கும் செலவை அல்ல, தரையில் ஒரு வீடு.